வேலை செய்யாத கை எது?

உங்கள் ஊரில் 'நெயில் ஆர்ட்' கடை வந்துவிட்டதா? வந்திருக்கும். இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்குள் வந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் பெரிய மால்களுக்குள் மட்டும் இருந்த சமாச்சாரம் இது. இப்போது மாவட்டத் தலைநகர்கூட இல்லாத ஊர்களில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ரோஸ் கலர் போர்டு வைத்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மன்னார்குடிக்கும் வந்தாயிற்று.

மன்னார்குடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அரசியலை இன்றைக்கு விட்டுவிடுவோம். எங்களுக்கு ஊர் என்றால் ராஜகோபாலசாமி கோயில். அப்புறம் ஹரித்ராநதி. பெயர்தான் நதி. பார்த்தால் குளம். சுமார் 23 ஏக்கருக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும் தெப்பக்குளம். 'ஹரித்ரா' என்றால் சம்ஸ்கிருதத்தில் மஞ்சள். கோபியர்கள் கண்ணனோடு இறங்கிக் குளித்தபோது, அவர்கள் பூசியிருந்த மஞ்சள் கரைந்து தண்ணீரே மஞ்சளாகிப் போனது என்று கதை. இந்த மஞ்சளைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நகத்தின் மேல் ஆசை ஒன்றும் புதுசு இல்லை. எங்கள் பக்கம் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நடவு வயல்களுக்கு மேல் கொக்குக் கூட்டம் பறந்தால், இரண்டு கை விரல்களையும் மேலே நீட்டி நகத்தோடு நகத்தை உரசிக்கொண்டே, நகத்தில் பூப் போடச் சொல்லிக் கத்துவோம். மறுநாள் யார் நகத்திலாவது வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தால் போச்சு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் ராணி! நகத்தில் பூ விழுந்தால் புதுத்துணி வரும் என்பது சாஸ்திரம்.

டாக்டர்கள் வேறு சொல்கிறார்கள். நகம் முளைக்கிற வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே எப்போதாவது லேசாக அடி பட்டிருந்தால், நகம் வளர வளர அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக வெளியே வருமாம். கதவில் இடித்தது, பானை விளிம்பு பட்டது, இப்படி ஏதாவது. நமக்கு மறந்திருக்கும், நகத்துக்கு மறக்காது. அதாவது, கொக்கு போட்ட பூ என்று நாம் கொண்டாடியது கை பார்த்த வேலையின் தழும்பு.

அடுத்தது மருதாணி. அம்மியில் இலையோடு கொட்டைப்பாக்கும் வைத்து அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ராத்திரி ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி போட்டுவிடுவார்கள். தலையணை உறை பாழ். காலையில் கை சிவந்திருந்தால் அந்தத் திட்டெல்லாம் மறந்துபோகும். உள்ளங்கைச் சிவப்பு ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். நகத்துச் சிவப்பு போகாது. மருதாணியில் இருக்கிற சாயம் நகத்தின் கெரட்டினோடு ஒட்டிச் சேர்ந்துவிடுகிறது. நகம் வளர்ந்து வெட்டித் தள்ளினால்தான் உண்டு. கை நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். வைகாசியில் கல்யாணமான பெண் ஐப்பசியில் தலைதீபாவளிக்கு வரும்போது, நுனியில் மட்டும் ஒரு சிவப்புப் பிறை மிச்சம் இருக்கும். எங்கள் பாட்டி அதைப் பார்த்துத்தான் "இன்னும் புதுப்பொண்ணுதான்டி நீ" என்பாள்.

அப்புறம் கியூடெக்ஸ். நெயில் பாலிஷ் என்று சொல்லத் தெரியாத காலத்திலேயே எங்களுக்குக் கியூடெக்ஸ் தெரியும். பங்குனித் திருவிழா 18 நாளும் கோயிலைச் சுற்றிக் கடை போடுவார்கள். வளையல், ரிப்பன், பக்கத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சிவப்பும் ரோஸும். எந்தக் கம்பெனிக் குப்பியானாலும் எங்களுக்கு அது கியூடெக்ஸ்தான். உண்மையில் அது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1911-ல் நகத்தடியில் இருக்கும் மெல்லிய தோலை நீக்குகிற திரவமாகத்தான் அது விற்பனைக்கு வந்தது. அந்தத் தோலுக்கு ஆங்கிலத்தில் 'க்யூட்டிக்கிள்' என்று பெயர். அதிலிருந்து பிறந்தது கியூடெக்ஸ். பாலிஷ் எல்லாம் அதற்கப்புறம்.

இவ்வளவு பீடிகையும் எதற்கு என்றால், என் சித்தியைப் பற்றிச் சொல்வதற்காக.

சித்தியும் சித்தப்பாவும் முப்பது வருஷமாக இட்லிக் கடை வைத்திருக்கிறார்கள். விடிகாலை 4 மணிக்கு அடுப்பு பற்றவைக்கணும். மாவு, புளி, சாம்பார், பாத்திரம்... சித்தியின் கை தண்ணீரில் இல்லாத நேரம் தூங்கும் நேரம்தான். நகங்கள் மழுங்கி, வரிவரியாக, கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து ஒட்டினாற்போல இருக்கும். தனக்கென்று ஒரு ஆசையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், போனில் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஏண்டி, இந்த நகத்துல நீளமா வெச்சுவிடறாங்களாமே... ரிசப்ஷன் அன்னிக்கு ஒரு நாளைக்கு நான் வெச்சுக்கிட்டா கேலி பண்ணுவாங்களா?"

கல்யாணப் பெண்ணே சிரித்துக்கொண்டு அம்மாவுக்கும் சேர்த்துக் கடையில் சொல்லி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். வெள்ளிக்கிழமை நகத்தில் ஆயுதம் படக்கூடாது என்று சித்தி ஒரே பிடிவாதம். அதனால் வியாழக்கிழமையே போனோம்.

ஏ.சி. போட்ட சின்ன அறை. மூக்கில் ஏறுகிற வாசனை. பெயின்ட் கடையும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி. இருபது, இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தியின் கையை வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஓனரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "போடு போடு, டைம் ஆகுது" என்றார் அவர்.

குட்டி மோட்டார் ஒன்றில் ராவுகிற கருவி. அதை வைத்து நகத்தின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கினாள். "சுடுதும்மா" என்றாள் சித்தி. "அப்படித்தான் இருக்கும்" என்றார் ஓனரம்மா. நகக்கண்ணைச் சுற்றியிருந்த தோலைக் கத்தரித்தார்கள். பசை போட்டு பிளாஸ்டிக் நுனிகளை ஒட்டி, மேலே ஜெல் தடவி, நீல வெளிச்சம் வரும் டப்பாவுக்குள் கையை விடச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம், 1,500 ரூபாய். முடிந்ததும் சித்தி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடி ரோஸ், நுனி வெள்ளை. 'பிரெஞ்ச்' மாடலாம். "வேற யாரு கையோ மாதிரி இருக்குடி" என்றாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கணும்.

சிரிப்பு ஒரு நாள் நின்றது.

வெள்ளிக்கிழமை பெண்ணுக்கு நலங்கு. பெற்ற தாய் மஞ்சள் பூசாமல் வேறு யார் பூசுவார்கள்? பூசினாள். கை கழுவினாள். வெள்ளை நுனி எல்லாம் மஞ்சள்! சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உங்கள் வீட்டு மிக்ஸி ஜார் மூடி மஞ்சளாகிப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மஞ்சளின் நிறமான குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் இது மாதிரிப் பூச்சுகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊர்க் குளத்துக்கே மஞ்சளின் பெயர் வைத்திருக்கிற ஊரில், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணின் அம்மாவுக்கு வெள்ளை நகம் வைத்துவிட்டவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

ராத்திரிக்குள் இரண்டு நகத்தில் ஓரம் விட்டது. சனிக்கிழமை காலை பூக்கூடையைத் தூக்கும்போது கட்டைவிரல் நகம் கூடையில் மாட்டி, 'சடக்'கென்று பெயர்ந்தது. பெயர்ந்தது பிளாஸ்டிக் மட்டும் இல்லை. சித்தியின் சொந்த நகத்தின் மேல்தோலும் ஒரு அடுக்கு சேர்ந்து வந்துவிட்டது. தோலைக் கத்தரித்த இடத்தில் ஒரு விரல் வேறு சிவந்து வீங்க ஆரம்பித்திருந்தது. நகச்சுத்தி! கல்யாண வேலையில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொண்டு அலைந்தாள் பாவம்.

மத்தியானம் கடைக்குப் போனோம். ஓனரம்மா கையைத் தொடக்கூட இல்லை.

"தண்ணில கை வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பாத்திரம் தொட்டீங்களா? மஞ்சள் தொட்டீங்களா?"

"தொட்டேம்மா. கல்யாண வீடு."

"அப்ப நாங்க பொறுப்பில்லம்மா. வேலை செய்யற கைக்கு இதெல்லாம் நிக்காது."

பணம் திரும்பாது என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. சித்தி ஒன்றுமே பேசாமல் எழுந்துவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்று கேட்டாள்:

"வேலை செய்யாத கை எதுடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

அந்தக் கேள்வி மனதில் குடைந்துகொண்டே இருந்ததால், பிறகு இந்த ஒட்டு நகத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். சித்திக்குச் சொல்லவேண்டிய விஷயம் அங்கே இருந்தது. அக்ரிலிக் நகத்தைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் ஃபிரெட் ஸ்லாக். அமெரிக்கப் பல் டாக்டர். 1954-ல் வேலை செய்யும்போது அவருடைய நகம் உடைந்துவிட்டது. கையிலிருந்த பல் கட்டும் பொருளையே எடுத்து, உடைந்த நகத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து கிளம்பியதுதான் இவ்வளவும். கவனித்தீர்களா? ஒட்டு நகம் பிறந்ததே வேலை செய்கிற ஒரு கைக்காக!

அந்த வெள்ளை நுனி 'பிரெஞ்ச்' மாடலும் பிரான்ஸ் சரக்கு இல்லை. 1970-களில் ஜெஃப் பிங்க் என்பவர் ஹாலிவுட் நடிகைகளுக்காகப் பிரபலப்படுத்தியது. ஒவ்வொரு காட்சிக்கும் சேலை... மன்னிக்கவும், கவுன் மாறும்போது நகத்தின் நிறத்தையும் மாற்றிக்கொண்டிருந்தால் ஷூட்டிங் என்னாவது? எல்லா உடைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு நிறம் தேவைப்பட்டது. அதுவும் வேலையின் அவசரத்துக்காக வந்ததுதான்.

இன்னொன்று. 1975-ல் வியட்நாம் போர் முடிந்து அகதிகள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு முகாமுக்குப் போன டிப்பி ஹெட்ரன், ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்து நாயகி, அங்கிருந்த பெண்கள் தன் நகங்களையே பார்ப்பதைக் கவனித்தார். தன்னுடைய நக அலங்காரப் பெண்ணை வரவழைத்து, இருபது பேருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்றைக்கு அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாம் வம்சாவளியினர். கையில் காசில்லாமல் வந்த பெண்கள் அடுத்தவர் விரலைப் பிடித்து எழுந்து நின்ற கதை அது.

எழுந்து நின்ற கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2015-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்த ஊர் நகக் கடைகளைப் பற்றி எழுதியது. சம்பளமே ஒழுங்காகத் தராத கடைகள், நாள் முழுக்க ரசாயன வாசனையில் மூச்சுத்திணறல், தோல் நோய் என்று அவதிப்படும் பெண்கள்... படித்துவிட்டு நியூயார்க் மாநில அரசே அவசர விதிமுறைகள் கொண்டுவந்தது. 2018-ல் பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கம், இந்த ஜெல், அக்ரிலிக் பொருட்களில் உள்ள மெத்தக்ரிலேட் ரசாயனங்களால் அலர்ஜி வருகிறது, போட்டுக்கொள்கிறவர்களும் போட்டுவிடுகிறவர்களும் ஜாக்கிரதை என்று எச்சரித்தது. ஜெல்லில் சேர்க்கப்பட்டு வந்த டி.பி.ஓ. என்ற ஒரு பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கடைப் பெண்.

நாங்கள் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது, பின்னாலேயே ஓடி வந்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அம்மா, மிச்சத்தைப் பிச்சு எடுத்துடாதீங்க. அசிட்டோன்ல பஞ்சை நனைச்சு நகத்து மேல வெச்சு, அலுமினியத் தாளைச் சுத்தி ஒரு கால் மணி நேரம் விடுங்க. தானா இளகும். அப்புறம் தேங்கா எண்ணெய் தடவுங்க. வீங்கின வெரல்ல மட்டும் அது படவேணாம், டாக்டர்ட்ட காட்டிடுங்க."

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லத்தான். பிடித்தவள் அப்படியே திருப்பிப் பார்த்தாள். அந்தக் கடையிலேயே நகத்தில் ஒன்றும் போட்டுக்கொள்ளாத கை அது ஒன்றுதான். ஒட்ட வெட்டிய நகங்கள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, வெடித்து, சில இடத்தில் ரத்தக் கோடு.

"என்னம்மா இது?"

"இந்த ஜெல் எனக்கு ஒத்துக்கலைம்மா. ஆறு மாசமா இப்படித்தான்."

"அப்ப ஏன் செய்யறே?"

"வேற என்ன செய்ய? நடவுக்குப் போவக் கூடாதுன்னுதான எங்கம்மா இதுக்கு அனுப்புச்சு."

அவள் ஊர் பக்கத்துக் கிராமம். மூன்று நாள் பயிற்சி. மீதியெல்லாம் செல்போன் வீடியோவில் பார்த்துக் கற்றது. நாற்றும் சேறும் படாத கை வேண்டும் என்று ஒரு தாய் பெண்ணை மாடி ஏற்றி அனுப்பியிருக்கிறாள். சேற்றுப்புண்ணுக்குப் பதில் வேறு புண். வேலை செய்கிற கைக்கு நிற்காத அந்த ஜெல், அதையே வேலையாகச் செய்கிற கைக்கும் ஆகவில்லை.

இந்தக் கடைகளே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆசைப்படுவது தப்பா? அறுபதை நெருங்குகிற ஒரு பெண், வாழ்க்கையில் ஒரு நாள் தன் கையை அழகாகப் பார்க்க ஆசைப்படுவது எந்த விதத்தில் தப்பு? நான் கேட்பது ஒன்றே ஒன்று. தையல்காரர் அளவெடுக்காமல் துணி வெட்டுவாரா? செருப்புக் கடைக்காரர் காலைப் பார்க்காமல் செருப்பு எடுப்பாரா? நகக் கடைக்காரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "என்ன கலர்?" இல்லை. "உங்க கைக்கு என்ன வேலை?" என்பதுதான்.

கேட்டிருந்தால் பதில் சுலபம். நகம் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டிய பிளாஸ்டிக் அந்த அளவுக்கு அசைந்து கொடுக்காது. அதனால்தான் தண்ணீரில் புழங்குகிற கையில் ஓரம் விடுகிறது. அந்த இடுக்கில் ஈரம் தங்கினால் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகக்கூட ஆகலாம். இதைச் சொல்லி, "உங்களுக்கு நீள நகம் வேண்டாம்மா. இருக்கிற நகத்தைச் சீர் பண்ணி, மஞ்சள் பட்டாலும் தெரியாத மாதிரி நல்ல அரக்குச் சிவப்பு போட்டுவிடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சித்தி அதற்கும் அதே 1,500 ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாள்.

அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். சமையலா, தோட்ட வேலையா, கம்ப்யூட்டரா, நலங்கா? நகக்கண் தோலை வெட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகத்துக்குள் அழுக்கும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருக்கிற மூடி அது. தோல் டாக்டர்களும் அதை வெட்டவேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ராவும்போது சுட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உங்களுக்காக மட்டும் இல்லை. நீங்கள் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவீர்கள். எதிரில் இருக்கிற பெண் ராத்திரி எட்டு மணி வரைக்கும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கணும். அவளுக்குக் கையுறை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி வாங்கித் தருவார்.

ரிசப்ஷன் ஆல்பம் போன மாசம் வந்தது. எல்லாப் படத்திலும் சித்தியின் வலது கை முந்தானைக்குள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரோடு நிற்கும்போதும் சரி, பெண்ணை அணைத்துக்கொண்டு நிற்கும்போதும் சரி. முப்பது வருஷம் ஊருக்கே சோறு போட்ட கை. அதை ஒளித்து வைக்கச் சொன்னது அந்தக் கடையின் ஒரே ஒரு வாக்கியம்.

கட்டைவிரல் நகம் முழுசாக வளர்ந்து வர ஐந்தாறு மாசம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சித்திக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால், போன் பண்ணும்போதெல்லாம் மறக்காமல் ஒன்று கேட்கிறாள்.

"அந்தப் பொண்ணு வெரலை டாக்டர்ட்ட காட்டிச்சாமா?"

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த மாடிப்படி ஏறி, விசாரித்துக்கொண்டு வரவேண்டும்.